கண்மாய் ஓரத்து ஊதாப் பூ நீர்முள்ளிதானா? கணுவைப் பார்த்து அறியும் முறை

உங்கள் முதல் படத்தில் இருப்பது நீர்முள்ளியேதான். இரண்டாவது படத்தில் இருப்பது நீர்முள்ளி இல்லை. அது வேறு நாட்டிலிருந்து வந்து நம் வாய்க்கால் ஓரங்களில் பரவிவிட்ட பட்டாசுச் செடி.

சோழவந்தானுக்கு அருகே, தென்கரைக் கண்மாயின் உள்வாயில், அதாவது கரைக்கு உட்புறம் நீர் தேங்கும் பகுதியில், ஈரம் காயாத இடத்தில் இடுப்பளவு உயரத்தில், முள்ளும் ஊதாப் பூவுமாக நின்ற செடியை முதலில் படம் எடுத்திருக்கிறீர்கள். அங்கிருந்து சற்றுத் தள்ளி வாய்க்கால் கரையில் கிட்டத்தட்ட அதே நிறப் பூவோடு, ஆனால் முள்ளில்லாமல் நின்ற செடி இரண்டாவது படம். கைப்பேசிச் செயலி முதல் செடியை ஒருமுறை கண்டங்கத்திரி என்றும் மறுமுறை டிசம்பர் பூ என்றும் சொன்னதாகவும், வீட்டுப் பெரியவர்கள் இரண்டையுமே நீர்முள்ளி என்றதாகவும், எதை நம்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு ஒரு வரியில் விடை சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அடுத்த முறை நீங்களே பார்த்துச் சொல்லும்படி விளக்குவதுதான் பயனுள்ளது என்று நினைக்கிறேன். இந்தச் செடியைப் பொறுத்தவரை அது கடினமான வேலையும் இல்லை. பூவின் நிறத்தை மறந்துவிட்டுத் தண்டின் கணுவைப் பார்க்கப் பழகினால் போதும்.

ஊதா, நீலம், இளஞ்சிவப்பு ஆகிய நிறங்களில் பூக்கும் செடிகள் மதுரை வட்டாரத்து ஈர நிலங்களிலும் அவற்றை ஒட்டிய மேட்டு நிலங்களிலும் ஏராளம். ஒரே செடியின் பூ காலையில் ஒரு நிறமாகவும் வெயில் ஏறியபின் வெளிறியும் தெரியும். கைப்பேசிக் கேமராவோ ஊதாவை நீலமாகவும் நீலத்தை இளஞ்சிவப்பாகவும் மாற்றிக் காட்டும். ஆகவே நிறத்தைக் கொண்டு தொடங்கினால் குழப்பமே மிஞ்சும். செயலி தடுமாறியதற்கும் அதுதான் காரணம் என்று கருதுகிறேன். நீங்கள் அதற்குக் கொடுத்த படத்தில் பூவின் முகம் மட்டுமே தெளிவாக இருந்தது. தண்டும் இலையும் முள்ளும் மங்கலாகப் பின்னணியில் கிடந்தன. அந்தப் படத்தை மட்டும் காட்டியிருந்தால் செடிகளை நன்கு அறிந்தவர்கள்கூடச் சற்றுத் தயங்கியிருப்பார்கள். நல்லவேளையாக நீங்கள் எனக்கு அனுப்பிய மூன்று கோணங்களில் ஒன்றில் தண்டின் நடுப்பகுதி தெளிவாக விழுந்திருக்கிறது. என் உறுதிக்கு அந்தப் படமே அடிப்படை.

நீர்முள்ளியின் தண்டு அடியிலிருந்து நேராக எழும்பும். பெரும்பாலும் கிளை விடாது. ஒரே வேரிலிருந்து பல தண்டுகள் கூட்டமாக எழுவதால் தூரத்திலிருந்து பார்க்கும்போது புதர் போலத் தோன்றும். முழங்கால் உயரத்திலிருந்து, நல்ல சேறும் வெயிலும் கிடைத்தால், ஒன்றரை மீட்டர் வரை வளரும். தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் முழு உருண்டையாக இல்லாமல் நான்கு பட்டையாக இருப்பதை உணரலாம். கணுவுக்குக் கணு சற்றுப் பருத்திருக்கும். கணுவை ஒட்டி வெளிறிய நீண்ட சுணைமயிர்கள் அடர்ந்திருக்கும். இலைக்குக் காம்பு என்று தனியாகச் சொல்லும்படி ஒன்று இருக்காது. நீண்டு, ஒடுங்கி, அடியில் குறுகித் தண்டோடு ஒட்டியிருக்கும்.

இனி கணுவுக்கு வருவோம். ஒரு குச்சியால் இலைகளை மெதுவாக விலக்கிவிட்டு, ஒரு கணுவை மட்டும் மேலிருந்து உற்றுப் பாருங்கள். எதிரெதிராக இரண்டு பெரிய இலைகள் வெளிப்புறம் நிற்கும். வளமான செடியில் இவை ஒரு சாண் நீளத்தை நெருங்கும். அவற்றுக்கு உட்புறமாக, அவற்றைவிட மிகவும் சிறிய நான்கு இலைகள் இருக்கும். ஆக ஆறு இலைகள் கணுவைச் சுற்றி வட்டமாக அமைந்திருக்கும். ஒவ்வோர் இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு முள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆறு இலைக்கு ஆறு முள் என்பதுதான் வழக்கமான கணக்கு. சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல நாலாபுறமும் நீண்ட இந்த முட்கள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் வரை நீளும். நேராகவோ லேசாக வளைந்தோ, நுனி மிகக் கூர்மையாக இருக்கும். இலையின் மேல் முள் கிடையாது, கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டிலும் முள் கிடையாது. முள் முழுவதும் கணுவில்தான். ஈர நிலத்துச் செடிகளில் இந்த அமைப்பு உள்ள வேறொன்று நம் வட்டாரத்தில் இல்லை என்பதால், பூவே இல்லாத காலத்திலும் இதை மட்டும் வைத்து நீர்முள்ளியைச் சொல்லிவிடலாம். உங்கள் படத்தில் நடுவில் தெரியும் கணுவில் ஐந்து முட்களை என்னால் எண்ண முடிகிறது. ஆறாவது இலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

பூக்களும் இதே கணுவில்தான் பிறக்கின்றன. தனியாக நீண்ட பூங்கொத்து கிடையாது. முட்களுக்கு நடுவே, மயிரடர்ந்த பூவடிச் செதில்களுக்குள் பூக்கள் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். ஒரு கணுவில் நான்கு இணைகள், அதாவது எட்டுப் பூக்கள் வரை இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே நாளில் மலர்வதில்லை. பூவின் நீளம் சுமார் மூன்று சென்டிமீட்டர். குழாயாகத் தொடங்கி இரண்டு உதடுகளாகப் பிரியும். மேலுதடு நிமிர்ந்து, நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். கீழுதடு அகன்று மூன்று மடல்களாகத் தாழ்ந்திருக்கும். கீழுதட்டின் நடுவே, தொண்டைக்குள் இறங்கும் இடத்தில், இதழ் மடிந்து எழும்பியிருப்பதையும் அங்கே மஞ்சள் தீற்றல் இருப்பதையும் பார்க்கலாம். தேனீக்கு வழிகாட்டும் இடம் அது. மகரந்தத் தாள்கள் நான்கு. அவற்றில் இரண்டு நீளமாகவும் இரண்டு குட்டையாகவும் இருக்கும். புல்லி வட்டம் நான்காகப் பிரிந்திருக்கும், அவற்றிலும் மேற்புறம் உள்ளது மற்றவற்றைவிட அகலம். அரிதாக வெள்ளைப் பூப் பூக்கும் செடியும் உண்டு. அப்போதும் கணு மாறாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செயலி சொன்ன பெயர்களை இப்போது எடுத்துக்கொள்வோம். கண்டங்கத்திரி கத்தரிக் குடும்பத்துச் செடி. அது தரையோடு தரையாகப் படரும், நிமிர்ந்து இடுப்பளவு வளராது. அதன் முள் தண்டில் மட்டுமல்லாமல் இலையின் நரம்புகள் மீதும் வரிசையாக நிற்கும். பூ ஐந்து முனை விண்மீன் வடிவில், நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பாகக் கூடி நிற்கும்படி இருக்கும், உதடு என்ற பேச்சே அங்கு இல்லை. காய் பச்சையில் வெள்ளைக் கோடுகளோடு இருந்து, பழுத்தால் மஞ்சளாகும். அது வறண்ட தரிசையும் சாலையோரத்தையும் விரும்பும் செடி, கண்மாய்ச் சேற்றை அல்ல. ஊதா நிறமும் முள்ளும் சேர்ந்து இருந்ததாலேயே செயலி அந்தப் பெயருக்குப் போயிருக்கிறது.

டிசம்பர் பூ என்ற விடை ஓரளவு நெருங்கி வந்த விடை. ஏனெனில் அதுவும் நீர்முள்ளியும் ஆடாதோடையும் ஒரே குடும்பம், அகாந்தேசி. ஆனால் டிசம்பர் பூவில் நீண்ட குழாயின் முனையில் ஐந்து மடல்களும் விரிந்து நிற்கும். பூவடிச் செதில்களின் விளிம்பில் முள் போன்ற பற்கள் இருக்குமே தவிர, கணுவிலிருந்து நீண்ட முள் கிளம்பாது. மதுரைப் பக்கம் பெண்கள் தலையில் வைப்பதற்காக வீட்டு வாசலில் வளர்ப்பதைத் தவிர, கண்மாய்க்குள் அது தானாக முளைத்து நிற்பதைப் பார்க்க முடியாது. அதே இனத்தில் செம்முள்ளி இருக்கிறது. அதற்குக் கணுவில் முள் உண்டு, ஆனால் பூ மஞ்சள், இடம் வேலியோரம், பாறைச் சரிவு. அதன் உறவான பார்லேரியா பக்ஸிஃபோலியா என்ற சிறு புதருக்கு முள்ளும் உண்டு, வெளிறிய ஊதாப் பூவும் உண்டு. அதன் இலையோ நகத்தளவுதான். நாகமலை, சமணர் மலை போன்ற குன்றுகளின் அடிவாரத்துக் காய்ந்த மண்ணில் தேட வேண்டிய வகை அது. கால் சேற்றில் புதையும் இடத்தில் நின்றுகொண்டு அந்தப் பெயரை யோசிக்க வேண்டியதில்லை.

இடத்தைச் சொல்லும்போது கழிமுள்ளியையும் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் நீர்முள்ளி என்று தேடினால் சில நேரம் அதன் படம் வருகிறது. அது கடற்கரைக் கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் உவர்நீரில் வளரும் செடி. இலை விளிம்பே முள்முள்ளாக இருக்கும், பூவுக்கு மேலுதடு இருக்காது. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் அப்பால் கடலோரம் போனால் அதை எதிர்பார்க்கலாம். வைகைப் பாசனக் கண்மாயில் அது வர வழியில்லை.

இரண்டாவது படத்துக்குச் சற்றுக் கூடுதலாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊரில் உண்மையான குழப்பம் இந்தச் செடியால்தான் வருகிறது. ருவேலியா ட்யூபரோசா என்பது அதன் தாவரவியல் பெயர். பிள்ளைகள் பட்டாசுக்காய், வெடிக்காய் என்று சொல்லி விளையாடுவது இதன் காயைத்தான். காய்ந்த காயை எச்சில் தொட்டோ தண்ணீரில் போட்டோ வைத்தால் சில நொடிகளில் படீரென்று வெடித்து விதையைச் சிதறும். இதுவும் அதே அகாந்தேசி குடும்பம் என்பதால் இலை அமைப்பிலும் பூ நிறத்திலும் ஒரு சாயல் இருக்கத்தான் செய்யும். தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. இங்கே தோட்டத்தைத் தாண்டி வெளியேறி, வாய்க்கால் கரை, சாக்கடை ஓரம், வயல் வரப்பு என்று நிழலும் ஈரமும் உள்ள எல்லா இடத்திலும் நிலைத்துவிட்டது.

வேறுபாட்டை இப்படிப் பாருங்கள். பட்டாசுச் செடியின் பூ புனல் வடிவம். ஐந்து மடல்களும் ஏறக்குறைய ஒரே அளவில் விரியும், மேலுதடு கீழுதடு என்ற பிரிவு தெரியாது. பூவும் பெரியது, ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் நீளம். காலையில் மலர்ந்து பிற்பகலுக்குள் உதிர்ந்துவிடும். நீங்கள் இரண்டாவது படத்தில் தரையில் கிடக்கும் பூக்களையும் சேர்த்து எடுத்திருப்பது அதற்குச் சாட்சி. புல்லி இதழ்கள் ஐந்தும் நூல் போல ஒடுங்கி நிற்கும். இலைக்குத் தெளிவான காம்பு உண்டு, கணுவுக்கு இரண்டு இலைதான், முள் அறவே கிடையாது. காய் இரண்டு சென்டிமீட்டர் அளவில், இரு முனையும் கூர்த்து இருக்கும். நீர்முள்ளியின் காயோ ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, முட்களுக்குள் ஒளிந்திருப்பதால் தேடித்தான் பார்க்க வேண்டும். பட்டாசுச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் கிழங்கு போலத் தடித்துக் கொத்தாக வரும். இதற்குத் தங்கை போல இன்னொன்றும் நகரத்துப் பூங்காக்களிலிருந்து வெளியேறி வருகிறது. ஆளுயரம் வளரக்கூடியது, இலை கோரையைப் போல ஒடுங்கி நீண்டிருக்கும், தண்டு கருஞ்சிவப்பு. ருவேலியா சிம்ப்ளெக்ஸ் என்று பெயர். அதையும் நீர்முள்ளி என்று சிலர் படம் போடுகிறார்கள். அதற்கும் முள் இல்லை என்ற ஒரே செய்தி போதும், கேள்வி தீர்ந்துவிடும்.

பெரியவர்கள் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததைத் தவறு என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் செடியை அவர்கள் சரியாகவே சொன்னார்கள், எந்தச் செயலியைவிடவும் உறுதியாகச் சொன்னார்கள். இரண்டாவதை அவர்கள் கைப்பேசித் திரையில்தான் பார்த்திருக்கிறார்கள். கண்மாய்க்குள் இறங்கிப் புல் அறுத்தவர்களுக்கு நீர்முள்ளியைக் காலும் கையும் அறியும். அந்த அறிவைத் திரையில் ஒரு பூ முகத்தைக் காட்டிச் சோதிப்பது முறையாகாது. முடிந்தால் அவர்களை நேரில் அழைத்துச் சென்று காட்டுங்கள். நீங்கள் கேட்காத வேறு பத்துச் செடிகளின் பெயரும் அன்றைக்குக் கிடைக்கும்.

அறுவடை முடிந்த வயலில் ஊதா நிறத்தில் உருண்டையாகப் பூத்துக் கிடக்கும் கொட்டைக்கரந்தையையும் சிலர் இதனோடு சேர்த்துக் குழப்புவதுண்டு. அது சூரியகாந்திக் குடும்பம். பூ என்று நாம் பார்ப்பது பல சிறு பூக்கள் திரண்ட கொட்டை. தண்டின் இருபுறமும் இலை இறகு போல ஒட்டி ஓடும். கையில் கசக்கினால் நல்ல மணம் வரும். ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு அதில் மறுபடி ஐயம் வராது.

கொஞ்சம் நுணுக்கமாகப் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. நீர்முள்ளியின் இனமான ஹைக்ரோஃபிலாவிலேயே முள்ளில்லாத சிறு செடிகளும் உண்டு. நெல் வயலிலும் வரத்துக்கால்வாயிலும் அவை வளரும். பூவின் அமைப்பு அதே இரண்டு உதடுதான், ஆனால் மிகவும் சிறியது, வெளிறியது. ஆகவே முள் இல்லாமல், கணுவில் குட்டிக் குட்டியான உதட்டுப் பூக்கள் தெரிந்தால் அது நீர்முள்ளியின் உறவினராக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டு, காயோடு சேர்த்துப் படம் எடுங்கள். கைலென்ஸ் இருந்தால் இந்தக் குடும்பத்துக் காய் வெடித்தபின் உள்ளே பாருங்கள். ஒவ்வொரு விதையையும் தாங்கிப் பிடித்திருந்த சிறு கொக்கி ஒன்று சுவரோடு ஒட்டியிருக்கும். காய் இரண்டாகப் பிளக்கும்போது விதையைத் தெறிக்கவிடும் கருவி அது. அகாந்தேசி குடும்பத்தை உறுதி செய்ய இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

எங்கே, எப்போது பார்க்கலாம் என்பதையும் கேட்டிருந்தீர்கள். நீர்முள்ளி தண்ணீருக்குள் நிற்கும் செடியும் இல்லை, காய்ந்த மேட்டில் நிற்கும் செடியும் இல்லை. தண்ணீர் ஏறி இறங்கும் விளிம்புதான் அதன் இடம். கண்மாயில் நீர் வற்றத் தொடங்கும்போது உள்வாயில் முதலில் வெளிப்படும் கரம்பை மண், மடைக்கு வெளியே கசிவு நிற்கும் தாழ்வு, மிகைநீர் வழியும் கலுங்குக்குக் கீழே மறுகால் பாயும் ஓடை, வயலுக்கும் வாய்க்காலுக்கும் இடையிலுள்ள சதசதப்பான புல்தரை ஆகியவற்றில் தேடினால் கிடைக்கும். நல்ல வெயில் வேண்டும். மரநிழலில் நின்றால் நெட்டையாக வளர்ந்து பூக்குறையும். பக்கத்தில் பொடுதலை, நீர்ப்பிரமி, வெள்ளைக் கரிசலாங்கண்ணி, கோரை ஆகியவை இருந்தால் நீங்கள் சரியான மண்ணில் நிற்கிறீர்கள் என்று பொருள்.

நம் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழைதான் கண்மாய்களை நிரப்புகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெருகிய நீர் மெல்ல இறங்க, மார்கழியிலிருந்து மாசி வரை நீர்முள்ளி நிறையப் பூக்கும். பங்குனி பிறந்தபின் இலை உதிர்ந்து, முள்ளும் காயும் மட்டும் நிற்கும். பெரியாற்றுப் பாசனம் பெறும் பகுதியில் இந்தக் கணக்கு சற்று நீளும். 1895இல் பெரியாறு அணை முடிந்து அந்த நீர் வைகைக்கு வந்தபின், வைகையின் குறுக்கே உள்ள பேரணை என்ற தடுப்பணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகமும் அதற்குக் கீழே மேலூர் வரை ஒருபோகமும் என்று பாசனம் அமைந்தது. இருபோகப் பகுதியில் வாய்க்கால் ஓரம் அதிக மாதங்கள் ஈரமாக இருப்பதால் வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கம் பருவம் தப்பியும் பூத்த செடியைக் காணலாம். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மானாவாரிக் கண்மாய்களில் அந்த ஆண்டு மழையைப் பொறுத்தே எல்லாம். ஆண்டுச் செடி என்பதால், மழை பொய்த்த ஆண்டில் ஒரு கண்மாயில் ஒன்றுமே தெரியாமல் போய், அடுத்த நல்ல மழையில் விதையிலிருந்து மறுபடி எழும்பும்.

இளஞ்செடியை அறிவது மட்டும் சற்றுச் சிரமம். முளைத்த சில வாரங்களில் முள் முற்றியிருக்காது, இலையும் எதிரெதிராக இரண்டிரண்டாகவே தெரியும். அந்தப் பருவத்தில் தண்டின் நான்கு பட்டை வடிவம், கணுவில் உள்ள நீண்ட சுணைமயிர், காம்பில்லாத நீண்ட இலை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்று மட்டும் போதாது. சந்தேகம் இருந்தால் பறிக்காமல் விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து அதே இடத்துக்குச் செல்வது நல்லது, முள் வந்து விடை சொல்லிவிடும்.

புத்தகங்களில் தேடும்போது ஒரே செடி நான்கு பெயர்களில் வருவதைக் கண்டு குழம்ப வேண்டாம். 1915 முதல் 1936 வரை வெளிவந்த கேம்பிள் என்ற தாவரவியலாளரின் சென்னை மாகாணத் தாவரத் தொகுதியிலும் பழைய மருந்துச் சரக்கு நூல்களிலும் ஆஸ்டெரகாந்தா லாஞ்சிஃபோலியா என்று இருக்கும். வேறு சில நூல்களில் ஹைக்ரோஃபிலா ஸ்பைனோசா. 1962இல் ஹைனே என்பவர் அமைத்த ஹைக்ரோஃபிலா ஆரிகுலேட்டா என்ற பெயர்தான் இன்றும் பரவலாக வழங்குகிறது. அண்மைக்கால நூல்கள் சிலவற்றில் ஹைக்ரோஃபிலா ஷுல்லி என்று காண்பீர்கள். பதினேழாம் நூற்றாண்டில் கேரளத் தாவரங்களைத் தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் இதை வயல்சுள்ளி என்ற மலையாளப் பெயரால் பதிவு செய்ததன் வழியே வந்த பெயர் அது. நான்கும் உங்கள் முதல் படத்தில் உள்ள செடியையே குறிக்கின்றன. இந்தியா முழுவதும், கிழக்கே தென்கிழக்கு ஆசியா வரையும் மேற்கே வெப்பமண்டல ஆப்பிரிக்காவிலும் இது இயல்பாக வளர்கிறது. ஆகவே நம் மண்ணுக்கு உரிய செடிதான், வந்தேறி இல்லை.

விதையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலருக்கு நீர்முள்ளி அறிமுகமாவதே நாட்டு மருந்துக் கடையில் விதையாகத்தான். விதை தட்டையாக, இரண்டு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய அளவில், செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். பார்வைக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் மேலே மிக நுண்ணிய மயிர் படிந்திருக்கிறது. தண்ணீர் பட்ட உடனே அந்த மயிர் நீரை உறிஞ்சிப் பசையாகிவிடும். உள்ளங்கையில் நான்கு விதையை வைத்து ஒரு சொட்டு நீர் விட்டால், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விரலை எடுத்தால் கூடவே இழுபடும். சப்ஜா விதையும் நீரில் ஊறிப் பருக்கும், ஆனால் அது கறுப்பாக, முட்டை வடிவில் இருக்கும், ஊறியபின் ஒவ்வொரு விதையும் தனித்தனியே கண்ணாடி உறை போர்த்ததுபோல் நிற்கும். நீர்முள்ளி விதை அப்படித் தனித்து நிற்காமல் கூழாகத் திரளும். கடையில் வாங்கும் சரக்கு சரியானதா என்று அறிய இந்தச் சோதனை போதுமானது. செடிக்கு இந்தப் பசையால் என்ன பயன் என்றால், தெறித்து விழுந்த விதை ஈர மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது, அடுத்த தூறலில் அடித்துச் செல்லப்படுவதில்லை.

சித்த மருத்துவத்தில் நீர்முள்ளியின் வேர், சமூலம் எனப்படும் முழுச் செடி, விதை ஆகிய எல்லாவற்றுக்கும் இடமுண்டு. சிறுநீரைப் பெருக்கும் சரக்காகவும், உடலில் நீர் கோத்து வீங்கும் நிலைகளிலும் அதைச் சொல்கிறார்கள். இந்தக் கேள்வியில் நீங்கள் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்து நான் சொன்ன பெயரை நம்பிச் செடியைப் பிடுங்கிக் கஷாயம் வைக்காதீர்கள். கால்வீக்கமும் சிறுநீர்க் குறைவும் சிறுநீரகம், இதயம், கல்லீரல் என எதன் கோளாறாகவும் இருக்கலாம். ஏற்கெனவே அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர் கூடவே இன்னொரு சிறுநீர்பெருக்கியையும் சேர்த்துக்கொள்வது ஆபத்து. பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டிய காரியம் இது. அதோடு, இன்று மதுரையைச் சுற்றியுள்ள பல கண்மாய்களில் வீட்டுக் கழிவுநீர் கலக்கிறது. சேற்றில் வளரும் செடி அந்தச் சேற்றில் உள்ளதையும் உறிஞ்சிக்கொள்ளும். அத்தகைய இடத்துச் செடி, அடையாளம் எவ்வளவு சரியாக இருந்தாலும், உண்ணத் தக்கதல்ல.

பறிப்பதைப் பற்றிச் சொல்லும்போது மற்றொன்று. முள்ளுச்செடி என்பதற்காகவே கண்மாய் சுத்தம் செய்யும்போது முதலில் வெட்டி எறியப்படுவது நீர்முள்ளிதான். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வந்த மண்வாரி இயந்திரம் உள்வாயையே ஒரே சீராக வழித்துவிட்டுப் போகும்போது, விதை உள்ள மேல்மண்ணும் கரைக்குப் போய்விடுகிறது. சீமைக்கருவேலம் போகட்டும், அது போகத்தான் வேண்டும். ஆனால் நீர்முள்ளி தேனீக்களும் கருவண்டுகளும் தேடி வரும் செடி. ஆரஞ்சு நிறச் சிறகில் கண் போன்ற புள்ளிகள் கொண்ட மயில் வசீகரன் பட்டாம்பூச்சி இதன் இலையில் முட்டையிடுகிறது, அதன் புழு இதைத் தின்றே வளர்கிறது. பூக்காலத்தில் இலையின் அடிப்புறத்தைப் பார்த்தால், கரிய உடலில் கிளைத்த முட்கள் கொண்ட புழுவைக் காணலாம். அது செடியைக் கெடுக்கும் பூச்சி என்று மருந்தடிக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் கண்மாய் வேலை நடக்கும்போது, மடைக்கு அருகிலாவது ஒரு பட்டையைக் காய் வெடித்து விதை விழும்வரை விட்டு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கிராமத்தில் இதைச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிப் பக்கம் நீங்கள் செடி பார்க்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஊற்றோரங்களிலும் கண்மாய்களிலும் ஈர நிலத்துச் செடிகளைக் கவனித்துப் பார்க்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மாதிரி பறிக்கக் கூடாது.

படம் எடுக்கும்போது இனி இந்த வரிசையைப் பின்பற்றுங்கள். முதலில் செடி நிற்கும் இடமும் தண்ணீர் விளிம்பும் சேர்ந்து தெரியும்படி ஒன்று. பிறகு ஒரு கணுவை மட்டும், இலையை விலக்கி, முள்ளின் அடி தெரியும்படி மேலிருந்து ஒன்று, அதே கணுவைப் பக்கவாட்டிலிருந்து இன்னொன்று. அளவு தெரிய உங்கள் விரலையோ ஒரு ரூபாய் நாணயத்தையோ பக்கத்தில் வையுங்கள். அதன்பின் பூவை முகத்துக்கு நேராகவும் பக்கவாட்டிலும் எடுங்கள். பக்கவாட்டுப் படத்தில்தான் உதடு பிரிவது தெரியும். காய் இருந்தால் அதையும் எடுங்கள். இரண்டாவது செடியின் காயை அடுத்த முறை படம் எடுத்து அனுப்பினால், அது ருவேலியா ட்யூபரோசாதானா, அதன் உறவான வேறொன்றா என்பதையும் ஐயமின்றிச் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குக் கிழங்கு வேரும் காயும் பார்க்காமல், இலையின் அகலத்தையும் பூவின் அளவையும் மட்டும் கொண்டே அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.